டேட்டிங் ஆப்புக்கு ஏஐ ஜிம் படம்: மச்சம் மாறாமல் செய்வது எப்படி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சின்னதாக போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், ஜாதகத்தோடு அனுப்பும் படம் என்றுதான் இத்தனை வருஷமும் பிழைப்பு ஓடியது. இப்போது ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு தம்பி வருவான். போனை நீட்டி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஜிம்ல நிக்கிற மாதிரி ஏஐ-ல ஒண்ணு பண்ணித் தர முடியுமா? டேட்டிங் ஆப்ல போடணும்" என்பான்.

செய்து தருகிறேன். அதில் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் எப்படிச் செய்வது என்பதில் ஒரு தடவை நானே பெரிய தப்பு செய்துவிட்டேன். அதைச் சொல்லிவிட்டு முறைக்கு வருகிறேன்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். 27 வயது. நல்ல கறுப்பு, கொஞ்சம் தொப்பை, மேல் உதட்டுக்கு இடது பக்கம் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். ஆறு மாதமாக ஒழுங்காக ஜிம்முக்குப் போய்க்கொண்டிருந்தான். போனிலிருந்து நாலு செல்ஃபி கொடுத்தான். காசு கட்டிப் படம் செய்யும் ஒரு ஆப்பில் அவற்றை ஏற்றினேன். நாற்பது படம் வந்தது. எல்லாவற்றிலும் வயிறு தட்டை, தோள் அகலம், நிறம் இரண்டு படி வெளுப்பு. மச்சம் எதிலுமே இல்லை. அது இல்லாததை நான் பார்த்தேன். பார்த்தும் ஆறு படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்து வந்தான். பாண்டி பீச் ரோட்டில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கப் போயிருக்கிறான். "என்னைப் பாத்துக்கிட்டே தாண்டிப் போனாங்கண்ணே. ரெண்டு தடவ." மூன்றாவது தடவை இவனே கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பெண் கோபப்படவில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசிவிட்டு, "போட்டோல இருக்கறது உங்க அண்ணனா?" என்று நிஜமாகவே கேட்டாளாம். கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, கீழே பார்த்துக்கொண்டு இதைச் சொன்னான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

என் அப்பா நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்தவர். நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சில் முனையால் கண்ணுக்குக் கீழே உள்ள கோடுகளை நிரப்புவார். முகத்தில் இருக்கும் சுருக்கம் நெகட்டிவில் வெளிச்சமாகத் தெரியும். அதில் பென்சில் ஏறினால் பிரிண்டில் சுருக்கம் மெலியும். பெண் வீட்டுக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்களில் பருவைத் தொடுவார், அம்மைத் தழும்பைக் கொஞ்சம் குறைப்பார். மச்சத்தைத் தொடமாட்டார். "ஸ்கூல் சர்ட்டிபிகேட்ல அங்க அடையாளம்னு இதைத்தான் எழுதுறான். இதை எடுத்துட்டா வேற ஆளு" என்பார். அந்தப் பாடத்தைக் கேட்டு வளர்ந்த நான்தான் அந்த நாற்பது படத்தையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இது. கடைக்கு வரவேண்டிய அவசியம்கூட இல்லை, நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலில், ஏஐ எதற்கு

ஜிம்மில் நல்ல படம் எடுப்பது நிஜமாகவே கஷ்டம். நம் ஊர் ஜிம் பலதும் ஏதோ ஒரு கடைக்கு மேலே மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கும். உச்சியில் ட்யூப் லைட். அந்த வெளிச்சத்தில் கண் இரண்டும் குழியாகத் தெரியும். சுற்றிக் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் யாராவது ஒருவர் பனியனோடு படத்தில் விழுவார். சில மாஸ்டர்கள் போனை உள்ளே எடுக்கவே விடமாட்டார்கள், அதுவும் நியாயம்தான். காலை ஐந்து மணிக்குப் போய் ஆறரைக்கு ஷிப்ட் பஸ் பிடிக்கிறவன் எங்கே நின்று போஸ் கொடுப்பான்?

ஆகவே வெளிச்சம், பின்னணி, சுத்தமான ஃபிரேம் இந்த மூன்றையும் ஏஐயிடம் கேட்கலாம். உடம்பும் முகமும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். டேட்டிங் ஆப்பில் ஜிம் படம் சொல்லவேண்டிய சேதி சின்னது: இந்த ஆள் தினமும் காலையில் எழுந்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறான். அதைச் சொல்ல சிக்ஸ் பேக் வேண்டாம். வியர்த்த டீ-ஷர்ட்டும், கையில் ஒரு டம்பெல்லும், நேரான முதுகும் போதும்.

அசல் படங்கள்: இதில்தான் முக்கால்வாசி வேலை

ஏஐ எப்படிப் படம் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்காக இவ்வளவு கவனம் என்பது புரியும். பழைய டிவியில் சேனல் வராதபோது புள்ளி புள்ளியாக ஓடுமே, அப்படி ஒரு குப்பைப் புள்ளிக் குவியலில்தான் பெரும்பாலான படக் கருவிகள் ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் புள்ளியைத் துடைத்து, நீங்கள் சொன்ன வார்த்தைகளுக்குப் பொருந்தும் உருவத்தைக் கொண்டுவருகின்றன. 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படக் கருவியும் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்தக் கருவிகள் கற்றுக்கொண்டது இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களிலிருந்து. அங்கே 'ஜிம்' என்ற சொல்லோடு இருப்பவை யாருடைய படங்கள்? பெரும்பாலும் விளம்பரங்களும் உடற்கட்டுக்காரர்களும். அதனால் நீங்கள் 'ஜிம்' என்று சொன்ன உடனே வயிறு உள்ளே போகும், தோள் வெளியே வரும். உங்கள் உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கு நீங்கள் ஆதாரம் கொடுக்காவிட்டால், அது தன் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடும். அந்தத் தம்பி கொடுத்த நாலு செல்ஃபியிலும் கழுத்துக்குக் கீழே எதுவுமே இல்லை. பாக்கி உடம்பு முழுக்க ஏஐயின் ஊகம்.

அதனால் குறைந்தது பன்னிரண்டு படம் எடுங்கள். அதில் நாலு படத்திலாவது தலை முதல் கால் வரை தெரிய வேண்டும். மூன்று இடுப்புக்கு மேல், கை முழுசாகத் தெரியும் பனியனிலோ அரைக்கை டீ-ஷர்ட்டிலோ. மீதி முகம்: நேராக, இடது, வலது, சிரித்து, சிரிக்காமல்.

இடத்துக்கு நான் அனுப்புவது தேவனாம்பட்டினம் சில்வர் பீச். நம்முடையது கிழக்குக் கடல், சூரியன் தண்ணீரிலிருந்து எழும். உதித்த அரை மணி நேரத்துக்குள் கடலைப் பார்த்து நின்றால் முகம் முழுக்க மென்மையான, பக்கவாட்டு நிழல் இல்லாத வெளிச்சம் விழும். எட்டு மணி ஆகிவிட்டால் கண் சுருங்கிவிடும். பாண்டிக்காரர்களுக்கு பீச் ரோடு இருக்கிறது; சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள், விடியற்காலையில் நிம்மதியாக நடுரோட்டில் நின்று எடுக்கலாம். மழைக்காலம் என்றால் வீட்டு ஜன்னலே போதும். ஜன்னலுக்கு நாலடி தள்ளி, அதைப் பார்த்து நில்லுங்கள், ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள்.

செல்ஃபி வேண்டாம். ஒரு நண்பனிடம் போனைக் கொடுங்கள், அவன் ஆறடி தள்ளி நிற்கட்டும், 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கட்டும். கை நீளத்தில் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய், முகமே வேறு வடிவத்துக்கு மாறிவிடும். ஏஐ அந்த மூக்கைத்தான் உங்கள் மூக்கு என்று நம்பும்.

செல்ஃபி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது யாரும் சொல்லித் தராமல் நானே முட்டிமோதித் தெரிந்துகொண்டது. சில போன்கள் முன் கேமராப் படத்தை கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். பின் கேமரா மாற்றாது. இரண்டையும் கலந்து கொடுத்தால் மச்சம் பாதிப் படத்தில் இடது பக்கம், பாதியில் வலது பக்கம் இருக்கும். ஏஐ குழம்பி ஒன்று அதை அழித்துவிடும், இல்லையென்றால் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் வைக்கும். வகிடுக்கும் இதே கதி. எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மச்சம் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் இப்போது ஏற்றுகிறேன்.

அப்புறம் கேமராவில் அழகூட்டும் அமைப்பு. பல போன்களில் வாங்கும்போதே அது போடப்பட்டிருக்கும். உள்ளே போய் முழுசாகச் சைபருக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸைப் பனியன் துணியால் ஒரு தடவை துடையுங்கள். நண்பன் படத்தை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது படத்தைச் சுருக்கி, தோலில் இருக்கும் நுணுக்கத்தை எல்லாம் மழித்துவிடும்.

கூடவே உங்கள் ஜிம்மின் படம் ஒன்றும் வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில், மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எடுத்தது. இது எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

கருவியும் வார்த்தையும்

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, படத்தைக் கொடுத்து 'இப்படி மாற்று' என்று சொல்வது. 2025 செப்டம்பரில் எல்லாரும் கூகுளின் ஜெமினி ஏஐயில் புடவைப் படம் செய்து தள்ளினார்களே, அந்த வழி. இன்னொன்று, உங்கள் படங்களை வைத்து ஒரு குட்டி மாடலையே பழக்குவது. லோரா என்று சொல்வார்கள். பத்து இருபது படம் கேட்கும், நேரமும் காசும் பிடிக்கும். ஒரே ஒரு ஜிம் படத்துக்கு முதல் வழி தாராளமாகப் போதும். அசல் படம் எதிரிலேயே இருப்பதால் முகமும் அதிகம் நழுவாது.

எந்த ஆப்பாக இருந்தாலும், ஏற்றிய படங்களை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பயிற்சிக்குப் பயன்படுத்துவார்களா என்பதை அமைப்புகளில் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். வேலை முடிந்ததும் அழியுங்கள். நண்பர்களோடு எடுத்த குரூப் படத்தை ஏற்றவே வேண்டாம், அவர்கள் முகம் உங்கள் சொத்து இல்லை.

இனி என்ன சொல்லிக் கேட்பது. நான் எழுதும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"முதல் படத்தில் இருப்பவரை இரண்டாவது படத்தில் உள்ள ஜிம்முக்குள் நிற்க வை. முக வடிவம், தோல் நிறம், மச்சம், தழும்பு, முடி, உடல் பருமன், வயிறு, தோள் அகலம், கை அளவு எதையும் மாற்றாதே. தோலை வழுவழுப்பாக்காதே. அதே டீ-ஷர்ட். வலது கையில் ஒரு டம்பெல், பக்கவாட்டில் தொங்கட்டும். இடது பக்க ஜன்னலிலிருந்து காலை வெளிச்சம். போனில் எடுத்த சாதாரணப் படம் மாதிரி இருக்கட்டும். வேறு ஆட்கள் வேண்டாம், கண்ணாடி வேண்டாம்."

தமிழிலேயே கொடுத்தாலும் இப்போதைய கருவிகள் புரிந்துகொள்கின்றன. 'கட்டுமஸ்தான', 'ஹீரோ மாதிரி', 'சூப்பரா' என்று ஒரு சொல் போட்டாலும் போதும், மேலே எழுதிய அத்தனையும் வீண். ஏஐ அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும்.

சொந்த ஜிம் படம் எதற்கு என்றால், சும்மா 'ஜிம்' என்று விட்டால் அது கூரை வரை கண்ணாடிச் சுவர், வெளியே வானுயரக் கட்டடங்கள் என்று ஒரு அமெரிக்கக் கூடத்தைப் போட்டுவிடும். கடலூரில் அது எங்கே இருக்கிறது? பார்க்கிற பெண்ணும் இந்தப் பக்கத்து ஆள்தானே. நம் ஜிம்மில் நீலமும் கறுப்புமாக ரப்பர் பாய், துருப்பிடித்த ரேக், சுவரில் ஆஞ்சநேயர் படம், அதற்கு முன்னால் காய்ந்த பூ இருக்கும். அது அப்படியே வரட்டும். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்த படத்தில் ஒரு மூலையில் மண்பானையும் டம்ளரும் இருக்கின்றன. அந்தப் பானையைப் பற்றிக் கேட்டுத்தான் அவனுக்கு முதல் மெசேஜ் வந்தது.

நிறம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு கண்டித்துச் சொன்னாலும் இந்தக் கருவிகள் சில சமயம் நம் நிறத்தை வெளுக்க வைக்கின்றன. 'நல்ல வெளிச்சம்' என்று கேட்டால் அறையோடு சேர்த்து ஆளையும் வெளுக்கின்றன. திருத்தச் சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். ஐந்தாவது சுற்றில் பார்த்தால் வேறு வீட்டுப் பிள்ளை. அதனால் திருத்தியதையே மறுபடி திருத்தாமல், ஒவ்வொரு தடவையும் அசல் படத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

நான் செய்யும் சோதனை: அசல் படத்தையும் ஏஐ படத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் கழுத்துக்குப் பக்கத்தில் தோலை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பேன். நிழலிலும் வெளிச்சத்திலும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஆனால் கறுப்பு மாநிறமாகி இருந்தால் அந்தப் படம் குப்பைக்குப் போகும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கறுப்பாக இருப்பதற்காக ஜாதகப் படத்தில் பவுடர் பூசி உட்காரவைத்த எத்தனையோ பெண்பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. லைட்டைக் கூட்டச் சொல்லி அம்மாக்கள் கெஞ்சுவார்கள். அந்தப் பிள்ளைகள் கேமராவைப் பார்க்கவே மாட்டார்கள். அதே வேலையை ஒரு கருவி சொல்லாமலே செய்தால், நாம்தான் அதன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

பெரிதாக்கிப் பாருங்கள்

படம் வந்ததும் போனில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரண்டு மடங்கு பெரிதாக்கி, மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டுங்கள். காது வடிவம், பல் வரிசை, புருவம். கழுத்துச் செயின் பாதியில் சட்டைக்குள் மறைந்து எங்கேயும் முடியாமல் போயிருக்கும். கையில் கட்டிய கறுப்புக் கயிறு தோலோடு கரைந்திருக்கும். விரல்களை எண்ணுங்கள், இப்போது ஐந்து சரியாகத்தான் வருகிறது, ஆனால் டம்பெல்லைப் பிடித்திருக்கும் விதத்தில் கட்டைவிரல் எங்கே போனது என்று பாருங்கள். டீ-ஷர்ட்டில் எழுத்து இருந்தால் அது எந்த மொழியும் இல்லாமல் போயிருக்கலாம். தமிழ் எழுத்து என்றால் இன்னும் மோசம், அதனால் எழுத்தில்லாத சட்டையோடு எடுப்பது நல்லது.

பார்பெல் வைத்தால் ரொம்பக் கவனம். ஜிம்முக்குப் போகிற எவரும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடும் இடம் இதுதான். பளுதூக்கும் போட்டிகளில் பிளேட்டுக்கு நிறக் கணக்கு உண்டு: சிவப்பு 25 கிலோ, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. ஆண்களுக்கான கம்பியே 20 கிலோ. ஏஐ அழகுக்காகப் பக்கத்துக்கு இரண்டு சிவப்புப் பிளேட்டை மாட்டிவிட்டால் மொத்தம் 120 கிலோ. அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரி படம் போட்டால், விஷயம் தெரிந்த பெண் அடுத்த படத்தைப் பார்க்கவே மாட்டாள். இடது பக்கம் மூன்று பிளேட், வலது பக்கம் இரண்டு, கம்பி நடுவில் வளைந்திருப்பது எல்லாம் சகஜமாக வரும். நீங்கள் நிஜமாகத் தூக்கும் எடை என்னவோ அந்த டம்பெல்லையே கையில் பிடித்து அசல் படம் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இதெல்லாம் தேறினால், கடைசிச் சோதனை வீட்டில். உங்களைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம், அம்மாவிடமோ தங்கையிடமோ, எதுவும் சொல்லாமல் போனை இரண்டு நொடி காட்டி எடுத்துவிடுங்கள். "எப்ப எடுத்தது?" என்று கேட்டால் படம் சரி. "யார்ரா இது?" என்றாலோ, "நல்லாருக்கியே" என்று ஒரு இழுப்பு இழுத்தாலோ, மறுபடி ஆரம்பத்துக்குப் போங்கள். வீட்டில் காட்ட முடியாத நிலைமை என்றால் ஜிம் மாஸ்டரிடம் காட்டுங்கள். உங்கள் தோளும் கையும் எந்த அளவில் இருக்கின்றன என்று உங்களைவிட அவருக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

மாஸ்டர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எனக்குப் பழக்கமான ஒரு மாஸ்டர் சொன்னார்: ஒரு பையன் தன்னுடைய ஏஐ படத்தைக் காட்டி, "மூணு மாசத்துல இப்படி வரணும், எந்த ஊசி போடலாம்?" என்று கேட்டிருக்கிறான். 19 வயது. அவர் அவனை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசி அனுப்பியிருக்கிறார். உங்கள் முகத்தை ஒட்டிய அந்த உடம்பு எந்த மனிதனுடையதும் இல்லை, வியர்வையில் வந்ததும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து உங்கள் சொந்த உடம்பு மேல் வெறுப்பு வருகிறது என்றால், படத்தைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள். டேட்டிங் புரொஃபைல் எல்லாம் அப்புறம்.

புரொஃபைலில் எங்கே, எப்படி

முதல் படமாக ஏஐ படத்தை வைக்காதீர்கள். முதலாவது சில்வர் பீச்சில் எடுத்த அசல் முகம். இரண்டாவது முழு உருவம், அதுவும் அசல். மூன்றாவதாக ஜிம் படம், ஒன்றே ஒன்று. அதன் பிறகு நண்பர்களோடோ, சமையலோ, வண்டியோ, எதுவானாலும் நிஜம். ஆப்பிலேயே செல்ஃபி வீடியோ எடுத்து முகத்தைச் சரிபார்க்கும் வசதி இருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள். புரொஃபைல் படங்களோடு அந்த வீடியோவை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் முகம் நழுவிய படமாக இருந்தால் அங்கேயே மாட்டும். பம்பிள் ஆப்பில் 2024 ஜூலையிலிருந்தே, 'இது ஏஐ படம்' என்று புகார் கொடுக்கத் தனி வழி வைத்திருக்கிறார்கள்.

அதனால் மறைக்காமல் எழுதிவிடுங்கள். நான் எழுதித் தரும் வரி: "ஜிம் படத்தின் வெளிச்சமும் பின்னணியும் ஏஐ. உடம்பும் தொப்பையும் நிஜம். நேரில் பார்த்தாலும் இதே ஆள்தான்." இந்த வரியைப் போட்டால் யாரும் பேசமாட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். போட்டவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. பேச்சை ஆரம்பிக்க எதிர்ப்பக்கத்துக்கு இதுவே ஒரு சாக்காகிவிடுகிறதாம்.

பெண்களும் என்னிடம் வருகிறார்கள், ஜிம் படத்துக்குத்தான். அவர்களுக்கும் முறை இதேதான், ஒரு கவனம் கூடுதல்: பின்னணியில் ஜிம்மின் பெயர்ப் பலகை, தெரு, வண்டி நம்பர் எதுவும் தெரியக்கூடாது. தினமும் காலை எத்தனை மணிக்கு எங்கே இருப்பீர்கள் என்பதை முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்கும் இது பொருந்தும். ஆனால் ஆபத்து யாருக்கு அதிகம் என்று நமக்குத் தெரியும்.

வேறு ஒருவர் முகத்தை வைத்துச் செய்து தரச் சொல்லி வருபவர்களைக் கடைக்குள்ளேயே விடுவதில்லை. அடுத்தவர் போல நடித்துக் கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. உங்கள் படத்தை யாராவது அப்படிப் பயன்படுத்தி, அதை வைத்துப் பணம் பறித்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே.

சிப்காட் தம்பிக்கு இரண்டாவது தடவை காசு வாங்காமல் செய்து கொடுத்தேன். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு பேரும் தேவனாம்பட்டினம் போனோம். பதினாலு படம் எடுத்தேன். ஏஐ படம் ஆறாவது முயற்சியில் தேறியது. தொப்பை இருந்தது, கறுப்பு இருந்தது. உதட்டுக்கு மேலே இடது பக்கத்தில் மச்சம் இருந்தது. நாலு மாதம் அந்தப் படம் அவன் புரொஃபைலில் இருந்தது.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஜிம் மாஸ்டர் ஒரு படம் அனுப்பினார். ஷட்டர் பாதி திறந்திருக்கிறது, அது வழியாக வெயில் உள்ளே விழுகிறது, தம்பி 60 கிலோவைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு நிமிர்ந்து நிற்கிறான். முகத்தில் பாதி இருட்டு. ஓரத்தில் யாரோ ஒருவருடைய முழங்கை தெரிகிறது. நான் அதில் எதையும் தொடவில்லை. ஏஐ படத்தை எடுத்துவிட்டு அதைப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, புரொஃபைலில் இருந்த அந்த ஒரு வரியையும் அழித்தான்.